நாளைக்கே நீதிபதி

ஹலோ... ஆமா, மேயர் வீடுதான். ஹார்லன்தான் பேசறேன்... லூதரா? என்னடா, சர்ச்லேருந்து இப்போதான் வந்து சாப்பிட உக்காந்தோம்... இல்ல இல்ல, சொல்லு. கோழி ஆறினா ஆறட்டும்.

என்னது? ... இன்னொரு தரம் சொல்லு... நானா? ஹைகோர்ட் நீதிபதியா? ... யாரு சொன்னா? ... கவர்னரே சொன்னாரா! ... சந்தோஷம்தாண்டா, சந்தோஷமா இல்லாம என்ன? நீயும் நானும் சேந்து ஒரே வக்கீல் போர்டு மாட்டினப்போ, மாட்டுத் தகராறு வந்தாலே நமக்குப் பெரிய கேஸ்... ஆமா ஆமா, அந்தக் காளை உன்னைத் துரத்தினதும் ஞாபகம் இருக்கு...

எடித், அந்த ரேடியோவைக் கொஞ்சம் குறையேன்... ம், சொல்லுடா.

எப்போலேருந்து? ... நாளைக்கா? ஏண்டா, பழைய நீதிபதி செத்து ஆறு மாசமா நாற்காலி காலியாக் கிடக்கு. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. இப்போ என்ன தலைபோற அவசரம்? ஓஹையோ முழுக்க வேற வக்கீலே இல்லையா? ... ஓ... மேயர் பதவியையும் நாளைக்கே ராஜினாமா பண்ணணுமா... சரி... சரி...

லூதர், செவ்வாக்கிழமை கவுன்சில்ல என்ன விஷயம் வருது? ... தெரியாதா? முடிவெட்டற கடையில கூட அதான் பேச்சு, உனக்குத் தெரியாதா? ... ஆங், இப்போ ஞாபகம் வருதா! குடிதண்ணி கம்பெனியை நகரசபையே எடுத்துக்கலாமா வேணாமான்னு ஓட்டு. இந்தப் பக்கம் நாலு பேரு, அந்தப் பக்கம் நாலு பேரு. முடிவு மேயர் கையில. நான் எழுந்து போயிட்டா அந்த நாற்காலில யாரு உக்காருவா? ... துணை மேயர் ப்ரூஸ்டர். தண்ணி கம்பெனி முதலாளி ட்ரஸ்காட்டோட மச்சான்... ஆமாடா, எனக்கு சந்தேக புத்திதான். சந்தேகப்படத்தானே வக்கீலுக்குப் படிச்சோம்?

சுத்தி வளைக்காத. கேட்டதுக்கு பதில் சொல்லு. கவர்னர் உன்கிட்ட நேராப் பேசினாரா? ... ஆமாவா, இல்லையா? ... 'கிட்டத்தட்ட'ன்னா என்னடா அர்த்தம்? சாட்சிக் கூண்டுல ஒருத்தன் இப்படிச் சொன்னா நீ விடுவியா?

இரு... யாரு இருமறது? ... மார்த்தாவா? உன் பொண்டாட்டி எப்போலேருந்துடா ஆம்பள மாதிரி இரும ஆரம்பிச்சா? ... லூதர், அந்த இருமல் எனக்குத் தெரியும். தண்ணி கம்பெனி மேல போட்ட டைபாய்டு கேஸ்ல அந்த ஆளை நாள்கணக்கா குறுக்கு விசாரணை பண்ணியிருக்கேன். பதில் இல்லாதப்பெல்லாம் அந்த ஆளு இப்படித்தான் இருமுவான்.

போனை அவர்கிட்ட குடு... குடுடா.

மிஸ்டர் ட்ரஸ்காட், சௌக்கியமா? ... ஆமா, பெரிய கௌரவம்தான். ரயில் என்ஜினுக்குக் கரி தள்ளின எங்கப்பா உயிரோட இருந்தா அழுதே இருப்பாரு... ஆமாங்க, அந்தக் கேஸ்ல நான் தோத்தேன். மறக்கல. ஆத்தங்கரைத் தெருவுல உங்க தண்ணியக் குடிச்சு டைபாய்டுல செத்துப்போன குழந்தைங்க வீட்டுக்கெல்லாம் போய், 'தோத்துட்டோம்மா'ன்னு சொன்னதும் நான்தான். அப்புறம்தான் மேயர் தேர்தல்ல நின்னேன்... இல்ல சார், இந்த மிரட்டலையெல்லாம் ப்ரூஸ்டர்கிட்ட வெச்சுக்குங்க. செவ்வாக்கிழமை நான் மேயராத்தான் வருவேன்... லூதர்கிட்ட குடுங்க.

லூதர்... உனக்கு என்ன தர்றதாச் சொன்னாங்க? ... சொல்லு, கோவப்பட மாட்டேன்... கம்பெனிக்கு வக்கீலாவா... ம்... அந்தக் கேஸ்ல என் பக்கத்துல உக்காந்திருந்தவன் நீதானேடா. தீர்ப்பு வந்த அன்னிக்கு என்னைவிட நீதானே அழுத... லூதர்? ... ஹலோ... ஹலோ?

ஆபரேட்டரம்மா, லைன் அறுந்துபோச்சா? ... ஓ, அவங்களே வெச்சுட்டாங்களா...

இல்லம்மா. மறுபடி போட வேணாம்.