லாயத்து ஈ

அங்க குந்தாதீங்கண்ணா, அந்தச் செவப்புக் குதிர ஒதைக்கும். இப்டி வாங்க, இந்தக் கல்லு மேல குந்துங்க. கூழு ஊத்தட்டுமா? வேணாமா? திருப்பாலவனத்துலேர்ந்து நடந்தே வந்துகீறீங்க, தண்ணியாவது குடிங்க.

சொல்றேன். நீங்க கேட்டத மறக்கல. உங்க தங்கச்சி, பேரு லோகாம்பா, பஞ்சத்துல இங்க வந்தா. சொல்றேன். குதிர லத்திய வாரிக்கினே சொல்றேன், கோச்சுக்காதீங்க. வெயில் ஏற்றதுக்குள்ள இத வாரலன்னா ஈ வந்து முட்ட வச்சிரும்.

பதினாலு குதிர நிக்குது. வந்ததுலேர்ந்து உங்க மேல ஒரு ஈ குந்துச்சா? இல்லல்ல? கோட்டைக்குள்ள ஒல்லாந்துக்காரங்க குதிரையும் கட்டிகீறாங்க. அங்க போய்ப் பாருங்க, வாயத் தொறந்தா ஈ உள்ள போவும்.

நான் கோட்டைக்குப்பம். முனியம்மான்னா தெரியும். எங்க ஊட்டுக்காரரு மொகத்துவாரத்துல தோணி கவுந்து போயிட்டாரு. அப்பறம் கருவாடு காயப் போட்டு, கூடையில வச்சு இந்தத் தெருவுல வித்துக்கினு இருந்தேன். ஒரு நாளு இப்டி வந்தா, லாயத்து மேஸ்திரி ஆதிகேசவன் வேப்பங்கொத்த வச்சிக்கினு குதிர மூஞ்சிய விசிறிக்கினு கீறாரு. குதிர கண்ணு ரெண்டும் வீங்கி, சீழு வச்சு, அது மேல ஈ அப்பிக்கினு கீது. எனக்குச் சிரிப்பு வந்துட்டுது. இன்னாடி சிரிக்கிறன்னாரு. பறக்கற ஈய விரட்டி இன்னா ஆவும் மேஸ்திரி, அது பொறக்கற எடத்தப் பாருங்கன்னேன். கருவாடு காயப் போட்றவளுக்கு ஈயப் பத்தித் தெரியாதா?

அன்னிக்கே வேலைக்கு வச்சுக்கினாரு.

லத்தி ஈரமா இருந்தாத்தான் புழு வைக்கும். அதனால பொழுது விடியறதுக்குள்ள வாரி, சுடு மணல்ல தோச மாதிரி மெல்லிசாப் பரப்பிடுவேன். குவிச்சு வச்சா கெட்டுது. உள்ளாற சூடா, ஈரமா இருக்கும், அதுதான் அதுக்கு வேணும். மூத்தரம் ஊறன வைக்கோல அன்னன்னிக்கு எடுத்துட்டு, தரையில சாம்பலு தூவறது. அதோ மேயுதே அந்தக் கோழிங்க, அதுங்க தப்பிச்ச புழுவக் கெளறித் தின்னுடும். சாயங்காலம் நொச்சித் தழையப் பொகைய வைக்கறது. குதிர நெத்தியில தொங்குது பாருங்க, அது இன்னான்னு நெனச்சீங்க? கிழிஞ்ச எறா வலை. தலைய ஆட்டனா கண்ண ஈ மொய்க்காது.

ஒரு மாசத்துல கண்ணெல்லாம் ஆறிப் போச்சு. மொதலாளியே வந்து பாத்தாரு. நீதான் முனியம்மாவான்னு கேட்டாரு. என் பேர அது வரைக்கும் பெரிய மனுசங்க யாரும் சொன்னதில்லண்ணா.

மொதலாளியா? அவரு கோட்ட ஆளு இல்ல, தனி வியாபாரி. கப்பல்லேர்ந்து குதிர எறக்குவாரு, அடிமையா விக்கறதுக்குக் கப்பல்ல ஆள ஏத்துவாரு. பஞ்சம் வந்தப்போ குதிரைய வாங்க நாதியில்ல. ஆளுங்கதான் தானா வந்து நின்னாங்க, கஞ்சி ஊத்தறாங்கன்னு. அதோ, லாயத்துக்குப் பின்னால வெள்ளையா ஒரு கெடங்கு தெரியுதே, அதுலதான் அடைச்சாங்க. வெடியுப்பு வைக்கக் கட்டனதாம். தடிச்ச செவுரு, இரும்புத் தகடு அடிச்ச கதவு, இந்தப் பக்கமா ஒரே ஒரு சன்னல். முப்பத்தோரு பேரு.

இருங்கண்ணா. குந்துங்க. அங்க இப்ப யாரும் இல்ல. நானே பாத்துட்டேன், காலி. குந்துங்கன்றேன்.

உங்க தங்கச்சிக்கு எடது கையில ரெண்டு வெரல் ஒட்டி இருக்குமா? ம். அப்ப அவதான்.

சன்னல் கம்பி வழியா அந்தக் கைய நீட்டி தண்ணி கேப்பா. கொட்டாங்கச்சியில மொண்டு குடுப்பேன். வாங்கி மொதல்ல உள்ள இருக்கற ஒரு கெழவிக்குக் குடுப்பா, அப்பறம்தான் அவ குடிப்பா. என்ன அக்கான்னு கூப்டுவா. மழ வந்துட்டா எங்கண்ணன் வந்துடும் அக்கா, அது இங்க நிக்கற குதிரையப் பாத்தா பயப்படும், நீ கூடப் போயி நில்லுன்னு சொல்லிச் சிரிப்பா.

கப்பல் வந்துருக்கணும். காத்து மாறிப் போச்சு, வரல. பத்து நாளு ஆச்சு, பன்னண்டு நாளு ஆச்சு. அப்பதான் திரும்ப ஈ வந்துச்சி. நானும் ரெண்டு வாட்டி வாரறேன், மூணு வாட்டி வாரறேன். சாம்பலு கொட்றேன். பொகை போட்றேன். கொறையல. எனக்குத் தூக்கமே இல்ல. எங்கேர்ந்துதான் வருதுன்னு ஒரு நாளு உச்சி வெயில்ல நின்னு பாத்தேன். அந்தச் சன்னல்லேர்ந்து கரும்பொகை மாதிரி வருது. முப்பத்தோரு பேரு மலமும் மூத்தரமும் உள்ளாறயே கெடக்குது, வேற எங்கேர்ந்து வரும்?

மேஸ்திரி கிட்ட சொன்னேன். கதவத் தொறந்து விடுங்க, நானே கழுவி விட்றேன், அரை நாள் வேலன்னு சொன்னேன். அது மட்டும் நெசம், சொன்னேன். அவரு ஒத்துக்கல. தொறந்தா ஓடிப் போயிடுவாங்க, மொதலாளி என்னத் தொலைச்சிடுவாருன்னாரு. ஆனா ரொம்ப நாளைக்கப்பறம் செஞ்சியிலேர்ந்து குதிர வாங்கற ஆளுங்க ரெண்டு நாளுல வராங்க, ஈ மொய்க்கற குதிரையக் காட்ட முடியாது, சன்னலப் பாய் போட்டுக் கட்டிடுன்னாரு.

கட்டனேன். எங்க ஊட்டுக்காரரு பாய்மரத்துக்குப் போட்ற முடிச்சு. இழுத்தா இன்னும் இறுகும்.

மொத நாளு தட்டனாங்க. கத்தனாங்க. ரெண்டே நாளு பொறுத்துக்கோங்கன்னு நான் வெளியிலேர்ந்து சொன்னேன். ராத்திரி நான் ஊட்டுக்குப் போயிட்டேன். மறுநாளு காலையில பாயி ஓரமா அந்த வெரலு வந்துச்சி. அக்கா, கொஞ்சமா தூக்கி உடு, மூச்சு முட்டுது, கெழவி பேச மாட்டேங்குதுன்னா. நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். கேக்காத மாதிரி லத்தி வாரப் போயிட்டேன்.

சாயங்காலம் சத்தம் இல்ல.

குதிர வாங்க வந்தவங்களுக்கு அவ்ளோ சந்தோசம். ஒரு ஈ இல்லியே, எப்டிம்மான்னு என்னையே கேட்டாங்க. அவங்க போனப்பறம்தான் கதவத் தொறந்தாங்க. பதிமூணு பேரு உசிரோட இருந்தாங்க. அதுங்கள அடுத்த வாரம் கப்பல்ல ஏத்திட்டாங்க. அதுல அவ இல்லண்ணா. சன்னலுக்குக் கீழதான் கெடந்தா. ஏரிக்கரை மணல்ல பொதைச்சாங்க. பனமரத்துலேர்ந்து தெக்கால. எடம் எனக்குத் தெரியும், காட்றேன்.

அழுவுங்க. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.

கப்பல் ஏறிட்டான்னு சொல்லி அனுப்பிடலாம்னுதான் இருந்தேன். கடலு தாண்டி பத்தாவியான்னு ஒரு ஊரு கீதாமே, அங்க எங்கியோ நல்லா கீறான்னு நெனச்சுக்கினு நீங்க ஊடு போயிருப்பீங்க. உங்க மூஞ்சியப் பாத்தப்பறம் வாயில வரல.

மேஸ்திரியா? அவர வெட்டி இன்னா பண்ணப் போறீங்க, குந்துங்க. அருவாளக் கீழ வைங்க. அவரு ஒரு பாயிதான் கட்டச் சொன்னாரு. கோரப்பாயி, சந்து சந்தா காத்து போவும். ஒரு பாயோட இருந்திருந்தா கெழவி கூடப் பொழச்சிருக்கும்.

ஒரு பாயில ஒண்ணு ரெண்டு ஈ வந்துகினே இருந்துச்சிண்ணா. அதான் நான் ஒரு கோணிய சேத்துல நனச்சு, அது மேல இன்னொண்ணாக் கட்டனேன். அத யாரும் கட்டச் சொல்லல.