பழைய சிஸ்டமே போதும் என்றேன்

புதிய சாமான்கள் எனக்குப் பிடிக்காது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அதை நம்பவேண்டாம். ஏகாம்பரம் வீதியில் முதன்முதலாகக் கணினியில் பாட்டுப் பதிவு செய்தவன் இந்தச் சிவகுருநாதன்தான். சவுண்ட் கார்டைச் சிங்கப்பூரிலிருந்து தருவித்தேன். கோயில் பாட்டு, புடவைக்கடை விளம்பரம், மரண அறிவித்தல் எல்லாம் இந்த மாடியில்தான் பதிந்தோம். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் நிறுத்துவோம். குடாவுக்கு அக்கரையில் ஷெல் விழுந்தாலும் நிறுத்திவிட்டு, அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். என் பதிவுகளில் இரைச்சல் இருக்காது. கொப்பியைத் திறந்து வைத்திருக்கிறீர்கள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் விசாரிக்கும் ஆனந்தராசா 2006 கடைசியில் வந்தான். குடாவுக்கு அக்கரையில், மூதூர்ப் பக்கத்துக் கட்டைபறிச்சான்காரன், முப்பத்தைந்து வயது, கொழும்பில் கணினி திருத்திப் பழகியவன். சண்டையில் ஊர் காலியாகி, மனைவி கமலேஸ்வரியும் பிள்ளையும் முகாமில் இருந்தார்கள். வேலையும் கொடுத்து, பின்னறையில் படுக்க இடமும் கொடுத்தேன். கட்டடத்தில் தங்குகிறவர்களின் பெயர்களைப் படிவத்தில் எழுதி, பொலிசில் முத்திரை வாங்கி வைத்திருக்கவேண்டிய காலம் அது. அவன் பெயரையும் எழுதினேன். அந்த நன்மையை இன்றைக்கு ஒருவரும் பேசுவதில்லை.

அடுத்த வருடம் கணினிகளுக்குப் புது சிஸ்டம் வந்தது. அவனுக்கு ஒரே புளுகம், தலைகால் தெரியாத சந்தோசம்.

"அண்ணை, இனி இதுதான். பழசை ஒருத்தரும் திரும்பியும் பாக்க மாட்டினம்."

பழையதே போதும் என்றேன். ஒழுங்காக ஓடுகிற ஒன்றை ஏன் குழப்பவேண்டும்? அப்போது அன்னலட்சுமி ரீச்சரின் பதினொரு பக்திப் பாட்டுகளில் பத்து முடிந்திருந்தன. ரீச்சரின் தொண்டையில் கட்டி. சத்திரசிகிச்சைக்கு நாள் வைத்தாயிற்று, அதன் பிறகு பாட ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மிச்சம் ஒரே ஒரு பாட்டு.

நான் ஒரு கலியாணத்துக்கு நிலாவெளிக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, ஆனந்தராசா பழையதை முழுக்க அழித்துப் புதியதை ஏற்றிவிட்டான். எனக்குச் சந்தோசமாக இருக்கும் என்று நினைத்தானாம்.

திங்கட்கிழமை பார்த்தால், சவுண்ட் கார்ட் வேலை செய்யவில்லை. புது சிஸ்டத்தில் அதை இயக்கவேண்டிய டிரைவர் மென்பொருளை அதன் கொம்பனி எழுதவே இல்லை. இணையத்தில் யாரோ எழுதியதை எடுத்துப் போட்டான். சத்தம் வந்தது, ஆனால் பிந்தி வந்தது. ரீச்சர் ஒரு சொல்லைப் பாடினால் அரை நொடி கழித்து அவர் காதில் அதே சொல் விழுந்தது. அப்படி யாரால் பாட முடியும்? நடுவில் டிக் டிக் என்று வெடிப்பு வேறு. ஒருமுறை பாதிப் பாட்டில் எல்லாம் நின்று, அப்டேட் செய்யட்டுமா என்று திரையில் கேட்டது. முடித்து வைத்திருந்த பத்துப் பாட்டுகளும் திறக்கவில்லை. எனக்கு விசர் பிடித்தது.

ரீச்சர் மூன்று நாள் வந்தார். மூன்றாம் நாள் கதிரையில் சாய்ந்து, "எனக்குக் களைச்சுப் போச்சு சிவகுருநாதன், விடுங்கோ" என்றார். மறுநாள் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் குரல் திரும்பி வரவில்லை.

"கோவிக்காதேங்கோ அண்ணை. அந்தப் பத்தையும் சீடியில ஏத்தி வச்சிருக்கிறன். அடுத்த அப்டேட்டோட எல்லாம் சரிவரும்" என்றான் ஆனந்தராசா.

அடுத்த அப்டேட். மண்ணாங்கட்டி. ஆனாலும் நான் ஏசவில்லை. எனக்குக் கத்திப் பேச வராது.

அந்தக் கிழமையே படிவத்தைப் புதுப்பிக்கவேண்டி வந்தது. என் பெயரை எழுதினேன். அவன் பெயரை எழுதவில்லை.

"என்ட பேரும் போட்டனீங்கள்தானே அண்ணை?" என்று கேட்டான்.

"ஓம்" என்றேன்.

முகாமுக்குத் திருப்பி அனுப்புவார்கள், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் மரியாதையாகக் கேட்பதால் மிச்சத்தையும் சொல்கிறேன். பெயர் பதியாத மூதூர்ப் பக்கத்து ஆளுக்கு அந்த மாதங்களில் என்ன நடந்தது என்று இந்த வீதி முழுக்கத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதாமல் விட்டேன்.

இரண்டு நாள் கழித்து, விடியக் காலையில் இராணுவச் சுற்றிவளைப்பு. மாடிக்கு வந்த அதிகாரி படிவத்தைப் பார்த்தார். பெயர் ஒன்று, ஆள் இரண்டு. ஆனந்தராசா கணினிக்கு முன்னால் இருந்தான். இவர் யார் என்று அதிகாரி கேட்டபோது, அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் சொல்லிவிடுவேன் என்று அவ்வளவு நம்பிக்கை.

"தெரியாது" என்றேன்.

"அண்ணை, பகிடி விடாதேங்கோ. சொல்லுங்கோவன்."

இரண்டு பேர் அவன் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போனார்கள். படியில் இறங்கும்போதும் அண்ணை, அண்ணை என்றுதான் கூப்பிட்டான். ஒரு வருடம் ஆகிவிட்டது, எந்த முகாமிலும் அவன் பெயர் இல்லை.

அவர்கள் போனபிறகு திரையைப் பார்த்தேன். பழைய சிஸ்டம் ஏறிக்கொண்டிருந்தது. எனக்காக விடிய முன்னமே எழும்பி, அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறான். பக்கத்தில், அவன் கையெழுத்தில் 'ரீச்சர்' என்று எழுதிய சீடி. மத்தியானத்துக்குள் பத்துப் பாட்டும் திறந்தன, ஒரு பழுதும் இல்லை. நான் முதலே சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

போன மாதம் கமலேஸ்வரி பிள்ளையோடு வந்தாள். நான் என்ன செய்தேன் என்று அவளுக்குத் தெரியாது.

"அவரின்ட குரல் ஏதும் இருக்கோ அண்ணை? பிள்ளை மறந்துபோகுது" என்றாள்.

இருந்தது. ரீச்சரின் பாட்டுகளுக்கு முன்னால் மைக் சோதிக்க அவன்தான் பேசுவான், அதுவும் அந்தச் சீடியில் ஏறியிருந்தது. "ஒண்டு, ரெண்டு, மூண்டு. அண்ணை, கேக்குதோ?" அதை எடுத்து, பின்னாலிருந்த மின்விசிறிச் சத்தத்தை நீக்கிச் சீடியில் போட்டுக் கொடுத்தேன். அவள் ஹெட்போனைக் கழற்றாமல் மூன்று தரம் கேட்டாள், பிறகு பிள்ளையின் காதில் வைத்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். புது சிஸ்டத்தில் இவ்வளவு துப்புரவாக வந்திருக்காது தங்கச்சி என்று அவளுக்குச் சொன்னேன்.