ஒரே மரத்தில ரெண்டு உம்மாமார்

எல்லாத்துக்கும் அந்த மேல்மாடி வெள்ளைக்காரன்தான் காரணம், டீச்சர்! றொபினுக்கு ரூம் குடுத்தனே, என்ட மகள்ட கலியாணத்துக்கு நானே நெருப்பு வச்ச மாதிரி ஆகிட்டுது. இருங்க, இருங்க... நிண்டுகொண்டு கேக்கிற கதையில்ல இது. அந்தக் கதிரைய இழுத்துப் போடுங்க. பக்கத்து வீட்டுக்கு வந்து ஒரு கிழமையாகல்ல, பல்கீஸ்ட வீட்டுல ஒரு பிளேன்ரீ குடிக்காமப் போறதா?

காலம்பற கிண்ணியாவுல இருந்து ஹுஸ்னியா ஆள் அனுப்பியிருக்கா. ஓம், மாப்பிள்ளைட உம்மாதான். "பஹ்மியும் ரிப்காவும் அண்ணன் தங்கச்சி முறை, இந்தக் கலியாணம் ஏலாது" எண்டு! ரெண்டும் விரும்பினதுகள், டீச்சர். என்ட புள்ள ரிப்கா சோறும் தின்னாம அறைக்குள்ள கிடந்து அழுவுறாள்.

அந்த றொபின்ட ஆக்கள் இங்கிலாந்தில காணி பூமியுள்ள பெரிய குடும்பமாம். மாளிகையாம், குதிரையாம், ஆடு மேய்க்கிற நிலமே நம்மட உள்துறைமுகம் அளவு வருமாம்! மாளிகைய எப்பவோ வித்துத் திண்டிட்டாங்க, அது வேற கதை. அந்தக் காலத்துல அந்த வீட்டு இளைய மகன் ஒருத்தன் கப்பல்ல இங்க வந்து, ஊர்ப் பொம்புள ஒருத்தியோட குடும்பம் நடத்தி, ரெண்டு பொம்புளப் புள்ளைகளாம். வீடு வளவெல்லாம் மூத்தவனுக்குத்தானாம், இவனுக்கு ஒண்டுமில்ல. பாருங்க அநியாயத்த! நம்மட பக்கம் எண்டா வீடு பொம்புளப் புள்ளைக்கெல்லோ? அந்த ரெண்டு புள்ளைகள்ட வழியில ஆர் இருக்கிறாங்க எண்டு தேடித்தான் இவர் வந்தவர். பாய் மாதிரி ஒரு கடதாசி, அதில பரம்பரை மரம் கீறி, கொப்புக்குக் கொப்பு பேர்.

தேடினவர் தேடிப்போட்டுப் போயிருக்கலாம்தானே? சவக்காலை சவக்காலையாக் கல்லறையில பேர் தேடி அலைஞ்சு, அவிச்ச றால் மாதிரிச் சிவந்து, இந்தப் படியில வந்து குந்தி அழாத குறை. எனக்குப் பாவமா இருந்திச்சு. சும்மா... சும்மா ஒரு கதைக்கு, "என்ட உம்மும்மாட உம்மாவுக்கு வெள்ளைக்காரர் மாதிரிப் பூனைக்கண்" எண்டன்.

இல்ல டீச்சர், எங்க பூனைக்கண்! அவவுக்குக் கண்ணே சரியாத் தெரியாதாம்.

மனுசன் துள்ளிக் குதிச்சார். "கசின்! கசின்!" எண்டு கையப் பிடிச்சார். வாப்பாமார்ட பேர் கேட்டார். நான் உம்மாமார்ட பேரைத்தான் வரிசையாச் சொன்னன். நம்மட குடி, அந்தக் குலவழி, தாய்வழிதானே? மூத்த மகள்ட கொப்பில எழுதிட்டார், கீழ ரிப்காட பேர் வரைக்கும்.

அதோட வாயப் பொத்தியிருக்கலாம். கலியாணப் பேச்சுக்கு வந்த ஹுஸ்னியாவுக்கு முன்னால அந்தக் கடதாசிய விரிச்சுக் காட்டினன். ஏன் காட்டினனா? போன முறை வந்து, "மதிலுக்கு இன்னும் பூச்சுப் பூசல்லையா?" எண்டு மூக்கச் சுழிச்சவவெல்லோ! எங்கட பரம்பரையப் பாருங்க எண்டு காட்டினன். உடன அவவும் தொடங்கிட்டா: "எங்கட உம்மாவழியிலயும் ஒரு வெள்ளச்சி இருந்தவ" எண்டு. அவட மூத்த ஆக்கள் கந்தளாய், டீச்சர்! கந்தளாய்க் குளத்துக்குள்ள எந்தக் கப்பல் வந்ததாம்? நானெண்டா துறைமுகத்துக்குப் பக்கத்திலயிருந்தாவது பொய் சொன்னன்!

றொபின் விட்டாரா? ரெண்டாவது மகள்ட கொப்பு காலியாக் கிடந்திச்சு, அதில அவவையும் ஏத்திட்டார். இப்ப ரெண்டு உம்மாமாரும் அக்கா தங்கச்சி வழி, ஒரே குடி! மார்க்கத்தில தடையில்லத்தான். ஆனா ஒரு குடியில பிறந்ததுகள் கூடப்பிறந்ததுகள் மாதிரியெல்லோ, அதுக்குள்ள கலியாணம் செஞ்சா ஊர் வாய மூட ஏலுமா? வேலியில போன ஓணான மடியில கட்டின கதையாப் போச்சு.

ஓம் ஓம், ஒரு ஆள் பொய்யெண்டு ஒத்துக்கொண்டா முடிஞ்சுது. அவட பொய் எனக்குத் தெரியும், என்ட பொய் அவவுக்கும் விளங்கியிருக்கும். முதல்ல ஆர் சொல்லுற? நானா? ஏலா! ஹுஸ்னியா துரைமார்ட பரம்பரையா இருப்பா, நான் மதில் பூசாத பல்கீஸா? மறுகா... உங்களிட்டச் சொல்ல என்ன, காலையில தேத்தண்ணி குடுக்கக்குள்ள அவர் "குட் மோர்னிங், கசின்" எண்டா, நல்லாத்தான் இருக்குது டீச்சர்.

என்ன, எழும்பிட்டீங்க? தேத்தண்ணி ஆறுது... கேற் இந்தப் பக்கம், டீச்சர்! அது மேல போற படி. அவர் அங்கதான் இருக்கிறார்... நீங்க இங்கிலீஷ் டீச்சரெல்லோ? யா அல்லாஹ்! டீச்சர், சொல்லிப்போடாதீங்க! டீச்சர்!

சரி, சொல்லுறதெண்டா... ஹுஸ்னியாட பொய்ய முதல்ல சொல்லுங்க!