உப்பு போடாத ரசம்

ஆம்பூர் டவுன் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஷூ கம்பெனிக்குப் போகும் இரண்டு பெண்கள். இளையவள்தான் ஆரம்பித்தாள்.

“மூணு நாளா என் ரசத்த வீட்ல யாரும் தொட மாட்டேன்றாங்கக்கா. சப்புனு இருக்குதாம்.”

“உப்பு போட்டியா, இல்லியா?”

“நான் எப்பக்கா போட்டேன்? எங்க ஊரு போர் தண்ணியே கரிக்கும். ரசத்துக்கு அதுவே போதும். இப்ப நாலு ஊருக்கும் சேத்து கூட்டுக் குடிநீர் விட்டுட்டாங்க. எவ்ளோ உப்பு போடணும்னே தெரியல.”

மூத்தவள் சிரித்தாள். “அப்ப பழைய தண்ணியே தேவலாமா?”

இளையவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“நேத்து எம்பொண்ணு ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டாக்கா. எங்க வீட்ல தண்ணிய யாரும் ரெண்டாவது வாட்டி கேட்டதில்ல.”