தட்டின் மறுபக்கம்

டீ வேண்டாம், தண்ணீர் போதும். மதியத்தில் டீ குடித்தால் எனக்கு நெஞ்சு எரியும். நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன். இருபத்திரண்டு வருடங்களாகக் காதுக்கருவி பொருத்தும் வேலை செய்கிறேன், அதனால் எனக்கு அது பழக்கம். காது மந்தமானவர்களிடம் கத்தக் கூடாது. முகத்தைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து, நிதானமாகச் சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளைகளே இதைத் தெரிந்துகொள்வதில்லை.

எங்கள் இசைத்தட்டுக் குழுவைப் பற்றிக் கேட்டீர்கள். நூலகத்தின் மாடி அறையில் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குக் கூடுவோம். ஏழெட்டுப் பேர் இருப்போம். வாரம் ஒருவர் தனக்குப் பிடித்த ஆல்பத்தைக் கொண்டுவந்து ஒரு பக்கம் முழுக்கப் போடுவார். மற்றவர்கள் பேசாமல் கேட்டுவிட்டு ஆளுக்கு நாலு வார்த்தை சொல்வார்கள். பிடித்திருந்தால் இரவல் வாங்கிப் போவார்கள். நான் ஒன்பது வருடம் போனேன். ஒன்பது வருடத்தில் என் தட்டு ஒன்றைக்கூட யாரும் இரவல் கேட்டதில்லை.

எனக்குப் பிடித்தவை கனத்த ஓசைகள். செல்லோ என்கிற பெரிய பிடிலைத் தனியாக வாசிப்பது, ஆண்கள் அடிக்குரலில் பாடுவது. கேட்கும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதுபோல் இருக்கும். ஒண்டிக்கட்டைக்கு அது பெரிய விஷயம். ஆனால் என் தட்டு சுற்ற ஆரம்பித்ததும் குழுவில் இருந்த அச்சக ஃபோர்மேன் சிகரெட் பிடிக்க எழுந்து போய்விடுவார். ஒருமுறை திரும்பி வந்து, "என்னங்க, இன்னும் பொணம் கிளம்பலையா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பல் டாக்டரின் முறை வந்தால் கதையே வேறு. புல்லாங்குழல், வயலின், உச்சத்தில் பாடும் பெண் குரல்கள் என்று கொண்டுவருவார். தட்டிலிருந்து ஊசியை எடுப்பதற்குள் மூன்று பேர் கை நீட்டுவார்கள். நல்ல மனிதர். அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு டெலிபோன் அம்மா வந்து சேர்ந்தார். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் அந்தப் பெயர். அவர் வந்த முதல் நாள் என் முறை. முதல் பக்கம் முடிந்ததும் வழக்கம்போல எல்லாரும் தொண்டையைக் கனைத்தார்கள். அவர் மட்டும் என்னைப் பார்த்து, "இன்னொரு பக்கம் இருக்குல்ல? அதையும் போடுங்களேன்" என்றார்.

அந்த வாரம் முழுக்க, கடையைத் திறக்கும்போதும் பல் தேய்க்கும்போதும், அதே வார்த்தைகளை அவர் குரலில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு மேல் சுருதிகள் சரியாகக் கேட்பதில்லை என்று அன்றே எனக்குப் பிடிபட்டுவிட்டது. என் தட்டு மட்டும்தான் அவர் காதில் முழுதாக விழுந்திருக்கிறது. நானாகத்தான் கடைக்கு வரச் சொன்னேன். நானே சோதித்து, நானே கருவி பொருத்தினேன். உள்ளதிலேயே நல்ல கருவி. கணினித் திரையில் ஏழு கோடுகள் வரும். இடப்பக்கம் கனத்த ஓசைகள், வலப்பக்கம் மேல் சுருதியின் மெல்லிய ஓசைகள். வலப்பக்கத்துக் கோடுகளை உயர்த்திவிட்டு, "இப்ப எப்படி இருக்கு?" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே ஒரு குருவி கத்திக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு பல் டாக்டரின் முறை. புல்லாங்குழல். பாதியிலேயே டெலிபோன் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். "இவ்வளவு நாளா இதெல்லாம் எங்கேங்க இருந்துச்சு?" என்றார். என்னிடம் அல்ல, டாக்டரிடம். மூன்று தட்டுகளை இரவல் வாங்கிப் போனார். பிறகு சனிக்கிழமைகளில் டாக்டர் வீட்டுக்கே போய், அவர் மனைவியோடு உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்.

நானும் ஒரு தட்டுக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து, "நல்லா இருந்துச்சுங்க" என்று திருப்பித் தந்தார். தட்டைப் போட்டிருந்த காகித உறையின் மடிப்பு நான் மடித்தபடியே இருந்தது.

நான் கருவியை அவர் காதில் வைத்தேன், அவர் அதை எடுத்துக்கொண்டு போய் இன்னொருவர் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். இதில் கோபப்பட எதுவுமில்லை என்று எனக்கே நான் பலமுறை சொல்லிக்கொண்டேன். அடுத்த மாதம் சோதனைக்கு வந்தபோது வலப்பக்கத்துக் கோடுகளை மூன்று புள்ளி கீழே இறக்கினேன். மூன்று புள்ளி யாருக்கும் தெரியாது. அதற்கடுத்த மாதம் இன்னும் நாலு. இடப்பக்கத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றிவிட்டேன்.

"டாக்டர் தட்டெல்லாம் இப்ப தேஞ்சுபோச்சு போலிருக்கு, மங்கலா கேக்குது" என்றார் ஒருநாள். காதுக்குள் நரம்பு தளர்ந்துகொண்டே வருகிறது என்று சொல்லி ஒரு வரைபடத்தைக் காட்டினேன். அது அவருடையது இல்லை. வேறொரு பெரியவருடையது. டெலிபோன் அம்மா அதை வாங்கி நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். "உங்கள மாதிரி ஒருத்தர் பாத்துக்குறதால ஏதோ ஓடுது" என்றார்.

மேல் சுருதி போனால் முதலில் போவது இசை இல்லை, பேச்சு. 'சாவி' என்றால் 'காவி' என்று விழும். குழுவில் யாராவது ஏதாவது கேட்டால் அவர் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். அதுதான் அவரைக் கொன்றது. "நான் இனிமே வரலைங்க. எல்லாருக்கும் தொந்தரவு" என்றார். நான் அவர் வீட்டுக்குத் தட்டுகளைக் கொண்டுபோக ஆரம்பித்தேன். ஒவ்வொரு ஞாயிறும். பதினான்கு மாதம். வாரம் ஒன்றாக, மிகவும் யோசித்துத் தேர்ந்தெடுப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பழைய தட்டுகளுக்கென்று ஒரு வாசனை உண்டு, அந்த அறை முழுக்க அது இருக்கும். என் வாழ்க்கையில் நான் நன்றாக இருந்த காலம் அது என்றே சொல்வேன்.

அந்த வீட்டில் அவருடைய அக்காவும் இருந்தார். இடுப்பு எலும்பு முறிந்து பின்னறையில் படுக்கையாகக் கிடந்தார். மெல்லிய குரல் அவருக்கு. அறுபது வயதுத் தங்கையை 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்க மிஷின் வந்தப்புறம்தாம்ப்பா இவளுக்கு மோசமாச்சு" என்றார். தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

நீங்கள் விசாரிக்கும் அந்த ஞாயிறு செல்லோ தட்டு. முதல் பக்கம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பின்னறையிலிருந்து "பாப்பா" என்று சத்தம் வந்தது. டெலிபோன் அம்மா அசையவில்லை. கண் மூடியிருந்தது, தலை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அக்கா இன்னும் இரண்டு முறை கூப்பிட்டார். நாலாவது தடவை பாதியில் நின்றது.

அக்கா தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்ததாக முந்தாநாள் உங்களிடம் சொன்னேன். அது பொய். மூச்சுக்குத் திணறும் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சத்தங்களைப் பிரித்தறிவதுதான் என் தொழில். அந்த வீட்டில் அப்போது காது கேட்ட ஒரே ஆள் நான்தான். எழுந்து நாலடி வைத்தால் போதும். முதல் பக்கம் முடிந்ததும் நான் எழுந்தேன். தட்டைப் புரட்டிப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். மறுபக்கம் இருபத்திரண்டு நிமிடம்.

அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். டெலிபோன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத்தான் கேக்கல. உங்களுக்குமா கேக்கல?" என்றார். தட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை என்றேன். அவர் தலையாட்டினார். நான் சொன்னது மட்டும் சரியாகக் கேட்டிருக்கிறது.

அதற்குப் பிறகாவது கருவியைச் சரிசெய்திருக்கலாமே என்கிறீர்கள். யோசித்தேன். அக்கா இல்லாத வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பது அவருக்குத் துல்லியமாகக் கேட்டுவிடுமே என்றிருந்தது. அதனால் இன்னும் இரண்டு புள்ளி குறைத்தேன். நீங்கள் இதை வேறு மாதிரி எழுதுவீர்கள். பரவாயில்லை.

அக்கா மகள் வெளியூரிலிருந்து வந்து அவரை வேறொரு கடைக்கு அழைத்துப் போயிருக்கிறாள். அங்கே இருந்தவர் விவரம் தெரிந்தவர். எந்தத் தேதியில் எந்தக் கோடு எவ்வளவு இறங்கியது என்று கருவியே ஞாபகம் வைத்திருக்கும். பதினேழு தடவை என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். எண்ணிக்கை சரிதான். அந்தக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன். மறுக்க ஒன்றுமில்லை. அவர் காதை அடைத்தது நான். அவருடைய அக்கா கூப்பிட்டபோது கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்ததும் நான்.

ஆனால் நேற்று அவருடைய வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள் அல்லவா, அதில் ஒரு இடத்தைத் திருத்தச் சொல்ல வேண்டும். "அவர் கொண்டுவந்த தட்டு ஒண்ணுகூட எனக்கு ஒருநாளும் பிடிச்சதில்லைங்க. மொத நாள் எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க, பாவமா இருந்துச்சு, அதான் இன்னொரு பக்கம் போடச் சொன்னேன். அப்புறமும் தனியாளாச்சேன்னுதான் கூட உக்காந்திருந்தேன்" என்று சொல்லியிருக்கிறார். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், ஐயா. அந்தச் சமயத்தில் அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை.