நிலவறையில குழாய்த் தண்ணி

இல்ல தம்பி, அந்த பம்ப் ஹோஸ கீழ வை. என் நிலவறைப் படியில அத ஒரு அடி இறக்கின, அப்புறம் நீ ஃபயர் சர்வீஸ்னு நான் பாக்க மாட்டேன்.

யாரு சொல்லி அனுப்பினது? பக்கத்து வீட்டு வெலிங்காவா? இந்த ராதோய்காவுக்கு மூளை கலங்கிப்போச்சு, வீட்டுக்கடியில தண்ணிய வெச்சு அழகு பாக்குறான்னு என்னச் சொல்லியிருப்பாளே. சொல்லட்டும். முப்பது வருஷமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு அதத்தானே சொல்றா.

எட்டிப் பாரு. இறங்காத, இங்க நின்னே பாரு. கடைசிப் படி வரைக்கும் தெரியுதா? கொலுபாரா ஆத்துத் தண்ணி இவ்வளவு தெளிவாவா இருக்கும்? இது ஆறு கொண்டாந்தது இல்ல. கரை உடையப் போகுதுன்னு ரேடியோவுல சொன்னதுமே, தோட்டத்துக் குழாயத் திறந்து நானே ரொப்பினது.

சிரி, நல்லா சிரி. ஊரே மணல் மூட்டை அடுக்கித் தண்ணியத் தடுக்குது, இவ கூப்பிட்டு உள்ள விடுறா, இல்ல?

வரும்போது மண்ண மிதிச்சியே, எப்படி இருந்துச்சு? கால் புதையுதில்ல? அவ்வளவு ஈரமும் நிலவறைச் சுவத்த உள்பக்கமா நெருக்குது. உள்ள இருக்கிற தண்ணிதான் முட்டுக் குடுத்து நிக்குது. இத நீ அரை மணி நேரத்துல உறிஞ்சிட்டா சுவருக்கு யாரு முட்டு? பழைய செங்கல் தம்பி. மேல மொத்த வீடும் நிக்குது. வெளிய மண்ணு காயக் காய, ஒரு நாளைக்கு ஒரு சாண்தான் இறக்கணும். கரியால கோடு போட்டிருக்கேன் பாரு.

இதெல்லாம் எங்க படிச்சேனா? நான் தையல்காரி. படிக்கல, தெரிஞ்சுக்கிட்டேன்.

கோஸ் பீப்பாயா? தோ, மூலையில முழுகிக் கிடக்கு. போகட்டும். நம்ம ஜனங்களத்தான் உனக்குத் தெரியுமே, புனித நிக்கோலா நாள் விருந்துக்கு ஊறுகாய்க் கோஸ் இல்லன்னா உசிரே போன மாதிரி. ரெண்டு நாளைக்கொரு தரம் அடியில இருந்து உப்புத்தண்ணிய இறக்கி மேல ஊத்தணும், இல்லாட்டி அழுகிடும்னு, எந்த வெள்ளத்துலயும் இறங்குவாங்க. ஏறி வரும்போது அந்தப் புளிச்ச தண்ணியில ஒரு கிளாஸ் குடிக்க மொண்டுக்கிட்டும் வருவாங்க.

இரு. அது என்ன சத்தம்?

வெலிங்கா வீட்டுலயா? பம்ப் ஓடுதா? எவ்வளவு நேரமா? முக்கால்வாசி எடுத்தாச்சா? அவ எங்க? எங்கன்னு கேக்குறேன்... பீப்பாய் பாக்க இறங்கிட்டாளா?

நிறுத்தச் சொல்லு. அந்த வயர்லெஸ்ல சொல்லு தம்பி, வாயப் பாத்துக்கிட்டு நிக்காத! வெலிங்கா! அடியே வெலிங்கா! கோஸ் நாசமாப் போகட்டும், மேல வாடி! ஓடு தம்பி, கையப் புடிச்சு இழுத்துட்டு வா!

...

வந்துட்டாளா? கண்ணால பாத்தியா? அப்பாடா. திட்டுறாளா, திட்டட்டும். அந்தக் குரலக் கேக்க இன்னைக்குத்தான் நல்லா இருக்கு. சுவத்துல விரிசலா? கை நுழையுற அளவுக்கா?

கையில என்ன வெச்சிருக்கா? கிளாஸா? உப்புத்தண்ணி மொண்டுக்கிட்டு வந்திருக்கா, பாத்தியா.

நான் கொஞ்சம் உக்காந்துக்கிறேன்.

எங்க வீட்டுக்காரர் மிலாதினும் கோஸ் பீப்பாயப் பாக்கத்தான் இறங்கினாரு. போன வெள்ளத்துல. மண்ணு காயட்டும், பொறுடின்னாரு. விருந்தாளி வர நேரத்துல கோஸ் அழுகினா என் மானம் போகும்னு நான்தான் கத்தினேன். பம்ப் சுவிட்சப் போட்டதும் நான்தான். இதே எடத்துல நின்னு, வரும்போது எனக்கு ஒரு கிளாஸ் கொண்டாங்கன்னு சொன்னேன். அவரு ஏறி வரவே இல்ல.

பம்ப் போட்டத மறைச்சு, வெள்ளம்தான் சுவத்தச் சாச்சிருச்சுன்னு ஊருக்குச் சொல்லிட்டேன். வெலிங்காவுக்கும் அதத்தான் சொன்னேன். நெசத்தச் சொல்லியிருந்தா இன்னைக்கு இறங்கியிருப்பாளா அவ?

அவள இங்க வரச் சொல்லு தம்பி, நானே சொல்லிடுறேன். அந்த கிளாஸோடயே வரட்டும்.