மாரியப்பனுக்கும் ஒரு டீ

நீங்கள் வாங்கிக் கொடுத்த டீ நன்றாக இருந்தது, மேடம். ராயபுரத்தில் இத்தனை வருஷமாகத் தொழில் செய்கிறேன், கல்மண்டபம் பக்கம் ஒரு கடையைத் தவிர வேறெங்கும் வாயில் வைக்க முடிந்ததில்லை. போலீஸ் ஸ்டேஷனில் இப்படி ஒரு டீ கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. கேட்டதையெல்லாம் சொல்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

முதலில் வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிற ஜெனிஷை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். என் மனைவியின் அண்ணன் மகன். கம்ப்யூட்டரில் அந்த வேலையைச் செய்தவன் அவன்தான், மறுக்கவில்லை. ஆனால் அவன் ஒழுங்காகத்தான் செய்தான். பிறகு அதில் கை வைத்தவன் நான்.

என்னுடையது ஐஸ் கம்பெனி. காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்கு ஐஸ் பார் போடுகிறோம். தண்ணீரை உறைய வைப்பது அமோனியா. குழாய்க்குள் இருக்கும்வரை அது நமக்கு உழைக்கும், வெளியே வந்தால் கண்ணையும் நெஞ்சையும் பிடித்துக்கொள்ளும். அதனால் கம்ப்ரசர் ரூமில் கசிவைக் காட்டும் கருவி ஒன்றை மாட்டியிருக்கிறோம். அது காட்டும் அளவை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் படித்துக்கொண்டே இருக்கும். அளவு கூடினால் திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று வந்து நிற்கும், ஸ்பீக்கர் கத்தும். உடனே மெஷின் ஆபரேட்டர் மாரியப்பன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஆட்களை வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவான்.

இதில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அது எப்போது கத்துகிறது என்று கவனித்தேன். படகுகள் கும்பலாகக் கிளம்பும் நாளில்தான் கத்தும். வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கும்போதுதான் கத்தும். வேலை இல்லாத நாளில் வாயே திறக்காது. நாங்கள் நிறுத்தினால் வண்டிகள் எதிர்த்தெரு ஐஸ் கம்பெனிக்குப் போகும். அங்கே வேன் ஓட்டுபவன் மாரியப்பனின் மச்சான். நீங்கள் போலீஸ்காரர், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவனிடம் நேராகக் கேட்டேன். "கம்ப்ரசர் சீல் தேஞ்சி பூட்ச்சி அண்ணாச்சி. லோடு ஏறுனா கசியுது. மாத்தலன்னா பேஜாராயிடும்" என்றான். ஜெனிஷும் அதையேதான் சொன்னான். இருவரும் ஒரே மாதிரி சொன்னதே எனக்கு உறுத்தியது. எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரனோடு பேசி வைத்திருக்கிறானோ என்று நினைத்து, சீலை மாற்றவில்லை.

இன்னொன்றும் சொன்னான். கொரோனா வந்து போனதிலிருந்து அவனுக்கு வாசனையே தெரியாதாம். "மூக்கு செத்துப் பூட்ச்சி அண்ணாச்சி. அந்த மிஷினு கத்துனாதான் எனுக்குத் தெரியும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அமோனியாவோடு வேலை செய்கிறவன் இதைச் சிரித்துக்கொண்டு சொல்வானா? ஒரு நாள் அழுகிய காரப்பொடி மீனைப் பையில் கட்டி, அவன் சாப்பிட உட்காரும் ஸ்டூலுக்கு அடியில் வைத்தேன். லோடு ஏற்றும் வெற்றி வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி ஓடினான். மாரியப்பன் வந்தான், உட்கார்ந்தான், சோற்றைப் பிசைந்து முழுவதும் சாப்பிட்டான், டப்பாவைக் கழுவி வைத்தான். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. எவ்வளவு தேர்ந்த நடிகன் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் புரோகிராமை யாராவது திறந்து வைத்தால்தான் ஓடும். கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர் தானாக எழுந்துகொள்ளும், ஆனால் ஒருவர் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய் அந்தப் படத்தைத் தட்ட வேண்டும். அதுவரை கருவி ஊமை. ஆபீஸில் கணக்கு பார்க்கும் ஹெப்சிபா வந்த பிறகும், இடைஞ்சலாக இருக்கிறதென்று சில நாள் அதை மூடிவிடுவாள். இதற்கு ஏதாவது செய்யுங்கள் என்று என்னிடம் கேட்டவனே மாரியப்பன்தான். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஜெனிஷை வரச் சொன்னேன். அவன் பார்த்துவிட்டு, "சர்வீஸா போட்டுருதேன் மாமா. கம்ப்யூட்டர் எழும்பும்போதே இதுவும் எழும்பிரும். யாரும் தட்ட வேண்டாம், யாரும் மூடவும் முடியாது" என்றான். வேலையை முடித்துவிட்டு இன்னொன்றும் சொன்னான். "ஆனா பின்னாடி ஓடும்போது அந்தச் சிவப்புப் பெட்டி திரையில வராது, பாத்துக்கிடுங்க. சத்தமும் கேக்காது. அது பாட்டுக்கு உள்ள ஓடிட்டிருக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியாது. அதனால போனுக்கு மெசேஜ் வர்ற மாதிரி வச்சிருக்கேன்." என் நம்பரையும் மாரியப்பன் நம்பரையும் போட்டான். சோதித்தும் காட்டினான். இரண்டு போனும் ஒரே நேரத்தில் கூவின. மாரியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இனிமே போனு கூவும். நிம்மதியா வேலை பாக்கலாம் அண்ணாச்சி" என்று சொல்லி, போனைச் சட்டைப்பையில் போட்டுத் தட்டிக்கொடுத்தான்.

ஜெனிஷ் போன பிறகு நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாரியப்பனின் நம்பரை எடுத்துவிட்டேன். என் நம்பர் மட்டும் இருந்தது.

இதில் தவறு இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. எச்சரிக்கை வருகிறது என்று தெரிந்தால் அவன் அதற்கேற்ப நடந்துகொள்வான். தெரியாவிட்டால்தான் உண்மையான மாரியப்பனைப் பார்க்க முடியும். மீன்பிடித் தடைக்காலம் முழுவதும் ஒரு மெசேஜும் வரவில்லை. படகே போகவில்லை, மெஷின் பாதிதான் ஓடியது என்று ஜெனிஷ் உங்களிடம் சொல்லக்கூடும். எனக்கோ அது சாட்சியாகப் பட்டது.

தடை முடிந்து படகுகள் கிளம்புகிற அன்று காலையில் தெரு முழுக்க வண்டிகள். நான் ஆபீஸில் இருந்தேன். எனக்கும் கம்ப்ரசர் ரூமுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான். போன் கூவியது. பார்த்தேன், அமோனியா அளவு கூடியிருந்தது. கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். மாரியப்பன் மெஷின் பக்கம் குனிந்து நின்றான், கையில் ஸ்பேனர். இத்தனை நாள் காத்திருந்தது வீண் போகவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கசிவு வருகிறது, கசிவு பக்கத்தில் ஸ்பேனரோடு அவன் நிற்கிறான். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி கூவியது. அளவு முன்பைவிட அதிகம். அவன் நிமிர்ந்து, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை. திரும்பப் பையில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான். அவன் அந்தப் போனை முழுசாக நம்பினான், மேடம். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அப்போதுதான் வெற்றி வந்து, "கண்ணு எரியுது அண்ணாச்சி. இன்னாவோ ஸ்மெல்லு வருது" என்றான்.

"ஒண்ணுமில்ல, வாங்கப்பா. எல்லாரும் டீ குடிச்சிட்டு வந்து ஏத்தலாம்" என்றேன்.

ஒருவர் விடாமல் அழைத்தேன். ஹெப்சிபா வேலை இருக்கிறது என்றாள், விடாமல் கூட்டிக்கொண்டு வந்தேன். அவள் டீ குடிக்க மாட்டாள், அதனால் பால் சொன்னேன். தெருமுனைக் கடை, காற்று எங்கள் பக்கமிருந்து கம்பெனி பக்கம் அடித்தது. "மாரியண்ணனையும் இட்டுகினு வரட்டா?" என்று வெற்றி கேட்டான். "மெஷின் ஓடுதுல்ல. அவனுக்குக் கிளாஸ்ல எடுத்துட்டுப் போகலாம்" என்றேன். அவன் வந்துவிட்டால் நான் எதைப் பிடிப்பது?

போன் மறுபடி மறுபடி கூவிக்கொண்டிருந்தது. பேச்சுக்கு இடைஞ்சலாக இருந்ததால் சைலண்டில் போட்டேன்.

லாரி டயர் வெடித்தது போல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தபோது வாசலில் வெள்ளையாகப் புகை. வெற்றி ஈரத்துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடியபோது நான் தடுத்தேன். அதையும் அவனிடம் கேட்டுப் பாருங்கள். அவன்தான் மாரியப்பனை வெளியே இழுத்து வந்தான். மாரியப்பன் கதவுவரை வந்து விழுந்திருக்கிறான். கையில் போன் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவன் மனைவி பவுனம்மாள் கூடையோடு அப்படியே வந்திருந்தாள், மீன் விற்கிற இடத்திலிருந்து. அழவில்லை. "போனு வர்லியா அண்ணாச்சி? வரும் வரும்னு சொல்லிகினே இருந்தாரே" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் துக்கம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அடக்கச் செலவு முழுவதும் நான்தான் பார்த்தேன்.

அவன் அந்த ஸ்பேனரால் சீல் போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தான் என்று உங்கள் இன்ஜினியர் எழுதியிருக்கிறார். இருக்கலாம். இறுக்கினானா, தளர்த்தினானா, யார் பக்கத்தில் நின்று பார்த்தது? உண்மையாகவே வாசனை தெரியாதவன் என்றால், கண் எரியும்போதாவது வெளியே வந்திருக்க வேண்டாமா? அந்த ரூமில் எல்லோருக்கும் எப்போதும் கண் எரியும் என்று வெற்றி சொல்கிறான். வெற்றியும் அவன் குப்பத்துக்காரன்தான்.

ஆக, நம்பரை எடுத்தது நான். மெசேஜைப் பார்த்தது நான். சொல்லாமல் இருந்ததும் நான். இதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொல்ல நினைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஆபத்து என்று தெரிந்த உடனே அத்தனை பேரையும் பத்திரமாக வெளியே கொண்டுவந்தவன் நான். கெட்ட எண்ணம் இருப்பவன் அப்படிச் செய்வானா? மாரியப்பனுக்கும் சேர்த்துத்தான் டீ சொன்னேன், மேடம். ஆறிவிடக்கூடாது என்று அந்தக் கிளாஸை நானே மூடி வைத்தேன்.